கரண்டிக்காரி

அப்பா மலையில் சாகவில்லை. பட்டாளத்தில் பீரங்கி இழுத்த காலத்தில் சாவு எத்தனையோ தடவை அவர் காதை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதற்குப் பிறகு கனமான இயந்திரங்களை இடம் மாற்றும் வேலைக்கு ஆள் சேர்த்து, தலை நரைக்கும்வரை அதையே செய்தார். ஒரு இயந்திரம்கூட அவர் மேல் விழவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். விளையாடுகிறார் என்று நினைத்தோம். அப்படி விளையாடக்கூடிய ஆள்தான். அம்மா அடுக்களையிலிருந்தே, "போதும் எந்திரிங்க, வயசுக்குத் தக்க நடிங்க" என்றாள்.

அதுதான் அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்த கையோடு அச்சகக்காரர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். சீருடையில் அப்பா எடுத்துக்கொண்ட ஒரே படம் அது. 'சிரிக்கக் கூடாது' என்று படம் எடுத்தவன் சொன்னதால் ஒரு கன்னத்தை மட்டும் உப்ப வைத்துக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்த்து யாராலும் முறையாகத் துக்கப்பட முடியவில்லை. அச்சகக்காரரும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

"இந்த நேரத்துல பேசக்கூடாதும்மா. ஆனா என் மிஷின் சந்து முனையில தார்ப்பாய்க்குள்ள கெடக்கு. ஒரு மழை பேஞ்சா துரு புடிச்சுரும். சந்துக்குள்ள கிரேன் நுழையாது. அதுக்குத்தான் அவர்கிட்ட சொன்னேன். இப்ப அவரே இல்லன்னு ஆனப்புறம்... வேற ஆளப் பாத்துக்கலாமான்னு..."

"உங்ககிட்ட அவரு என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"ஏத்திக் குடுத்துடறேன்னாரு."

"அப்ப ஏறும்."

"இல்லம்மா, கூட நின்னு நடத்தறதுக்கு ஒரு ஆளு..."

"நான் நிக்கறேன்."

தாய்மாமா குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறியது. அச்சகக்காரர் போகும்வரை இருமிக்கொண்டே இருந்தவர், அவர் தலை மறைந்ததும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, உனக்கு என்ன பித்தா? அந்த வேலையப் பத்தி உனக்கு என்ன தெரியும்? ஆப்புக்கும் அடுப்புக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?"

"தெரியும்டா. அடுப்பு பத்த வைக்கறது. ஆப்பு உனக்கு வைக்கறது."

"கேலி பண்ணாத. ஆளுங்க யாரும் மனசு ஊணி வேலைக்கு வர நெலமையில இல்ல. எனக்கே கிடங்குல காவல் வேலைக்குச் சொல்லி வச்சிருக்காங்க. கடப்பாரை புடிக்கற நெட்டையன் அவன் மாமனோட வேற வேலைக்குப் போறேங்கறான். நம்ம மச்சான் போனதோட கதை முடிஞ்சுது. கடப்பாரையையும் உருளையையும் பழைய இரும்புக்காரன்கிட்டத் தள்ளிவிட்டுட்டு..."

"அவரு சேத்த கூட்டம் இது. நான் உசுரோட இருக்கறப்ப கலையாது" என்றாள் அம்மா. "முதல்ல இந்த மிஷின் ஏறட்டும். அதுக்கப்புறமும் போறேன்னா போ. வழியில வந்து படுக்க மாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. மிஷின் ஏறினால் கூட்டம் நிற்கும். ஏறாவிட்டால் அவரவர் வழியைப் பார்த்துப் போய்விடுவார்கள், அப்பா மண்ணுக்குள் போனதற்குப் பின்னால் அவர் வேலையும் போகும். எங்கள் லாரியை ஓட்டுகிறவள் நான். எனக்கும் அது தெரிந்தது. லாரியை விற்றால் நான் வேறு யாருடைய லாரியையாவது ஓட்டுவேன், பட்டினி கிடக்க மாட்டேன். ஆனாலும் அன்றைக்கு லாரிச் சாவியை இடுப்பிலேயே செருகி வைத்துக்கொண்டேன்.

*

தெருவில் அப்பாவுக்குப் பட்டாளத்தார் என்று பெயர். மலையிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு முழங்கால் நடக்கும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் போடும். இடது காலில் இரண்டு விரல் கிடையாது, பனி தின்றுவிட்டது. "ரெண்டு பேரு லீவுல போனாங்க, திரும்பி வரல" என்பார். இடது ஷூவின் நுனியில் துணி உருண்டை ஒன்றை அடைத்துத்தான் போடுவார். வெயில் கொளுத்தும் மாதத்திலும் காலுறையோடு தூங்குவார். ஏன் என்று கேட்டால், "மிச்ச விரலும் ஓடிப் போகப் பாக்குது. அதான் சாக்குல போட்டுக் கட்டி வச்சிருக்கேன்" என்பார். சின்ன வயதில் நாங்கள் அதை நம்பினோம். காலையில் எழுந்ததும் அவர் காலுறையை உருவி எண்ணிப் பார்ப்போம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் ஆஜர் எடுப்பார். பிள்ளைகள் வரிசையில் விறைத்து நிற்க வேண்டும். பூனைக்கு மேஜர் பதவி. மாமாவுக்குக் கடைசிவரை சிப்பாய்தான். பூனைக்கு சல்யூட் வைத்துவிட்டுத்தான் மாமா தட்டில் கை வைக்கலாம். பூனை செத்த வருஷம், "இப்பவாவது எனக்குப் பதவி குடுங்க மச்சான்" என்று மாமா கேட்டார். "மேஜர் எடம் காலியாயிருக்கு. ஆனா எலி புடிக்கத் தெரிஞ்சிருக்கணுமே" என்றார் அப்பா.

எனக்கு லாரி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். முதல் தடவை பின்னோக்கி எடுத்தபோது கொட்டகைச் சுவரில் இடித்துவிட்டேன். சுவர் பொத்துக்கொண்டது. ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஓட்டைக்குள் தலையை விட்டு அந்தப் பக்கம் பார்த்தார். "பரவால்ல பாப்பா. இங்க ஒரு ஜன்னல் வேணும்னு உங்கம்மா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா" என்றார். மறுநாளே அந்த இடத்தில் நிஜமாகவே ஜன்னல் வைத்தார். இன்றைக்கும் கொட்டகையில் கோணலாக இருக்கிறது.

வேலையில் மட்டும் விளையாட மாட்டார் என்று எழுதினால் பொய். வேலையிலும் விளையாட்டுதான். ஆனால் அந்த விளையாட்டுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

டன் கணக்கில் கனக்கும் இயந்திரத்தை மேட்டில் ஏற்றும்போது ஆளாளுக்குத் தள்ளினால் நகராது. எல்லோருடைய பலமும் ஒரே மூச்சில் விழ வேண்டும். அப்பா ஒரு வரி கத்துவார். ஆட்கள் 'ஓடு!' என்று பதில் கத்துவார்கள். அந்த 'ஓடு'வில் கடப்பாரை அழுந்தும்.

"எந்திரிச்சிட்டாடா!"

"ஓடு!"

"கரண்டி எடுத்துட்டாடா!"

"ஓடு!"

"கதவத் தொறந்துட்டாடா!"

"ஓடு!"

"பின்னாடியே வர்றாடா!"

"ஓடு!"

பின்னால் துரத்திக்கொண்டு வருகிறவள் அவருடைய பெண்டாட்டி. பத்து ஆள் தள்ளும் பாரம் ஒரு கரண்டிக்குப் பயந்து மேடேறும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ஒருமுறை, நான் பிறப்பதற்கு முன்னால், சாப்பாட்டுத் தூக்கோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருக்கிறாள். காதாலேயே கேட்டுவிட்டாள். அவளைப் பார்த்ததும் ஆட்களின் முகத்தில் ஈயாடவில்லை. தூக்கைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தவள், பிறகு வேலை நடக்கும் எந்த இடத்திலும் காலெடுத்து வைக்கவில்லை. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்க் கடைக்காரன் முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை அவளைக் கரண்டியக்கா என்றார்கள். சாப்பாட்டில் உப்பில்லாமல் போட்டுப் பழி வாங்கினாள். அப்பா ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "உப்பையும் லீவுல அனுப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வழித்துச் சாப்பிட்டார்.

*

மிஷின் ஏற்றும் நாள் விடிந்ததும் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். காலில் ரப்பர் செருப்பு.

"செருப்போட வேலைக்கு வரக்கூடாது. அப்பா போட்ட சட்டம்" என்றேன்.

இறங்கி உள்ளே போனாள். கட்டிலடியில் கிடந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் ஒன்றைக் கட்டி முடித்து, மற்றதைக் கட்டாமல் விட்ட அதே ஷூ. பெரிதாக இருந்தது. பழந்துணியை அடைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

சந்து நாலு ஆள் கைகோத்து நடக்கும் அகலம். ஒரு பக்கம் சாக்கடை. சந்தின் கோடியில் இருந்த அச்சகத்தின் வாசல் தரையைவிட இடுப்பளவு உயரத்தில் இருந்தது. கனத்த மரக்கட்டைகளை அடுக்கி, மேலே இரும்புத் தகடு போட்டு, சரிவு கட்டியிருந்தோம். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிய பிறகும் மிஷின் ஒரு லாரி பாரம் இருந்தது. அடியில் மரச்சட்டம், சட்டத்துக்கு அடியில் இரும்பு உருளைகள். பின் மூலைகளில் மாமாவும் நெட்டையனும் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். மற்றவர்கள் பக்கவாட்டில் தோள் கொடுப்பார்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் மிஷின் ஏறியதும், நீளக் கம்பு பூட்டிய ஆப்பைப் பக்கத்தில் நின்றபடியே பின்னால் செருக வேண்டும். அது என் வேலை.

உள்ளே ஒரு இரும்புத் தூண். மிஷினில் கட்டிய வடத்தை அதில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தவர் பீரங்கிச் சித்தப்பா. அப்பாவோடு மலையில் பீரங்கி இழுத்தவர். வெடிச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மிஷின் ஒரு சாண் ஏறினால் அவர் ஒரு சாண் வடத்தை இழுத்து இறுக்க வேண்டும். வடம் தொய்ந்தால் மிஷின் பின்னால் வரும். அவர் நின்ற இடத்திலிருந்து எங்களைப் பார்க்க முடியாது, வாசலையே மிஷின் அடைத்திருந்தது.

மாமா, "ஒன்னு... ரெண்டு... மூணு!" என்றார்.

மூணு என்னும்போது நெட்டையன் நெம்பினான். மூணு சொல்லி முடித்த பிறகு மாமா நெம்பினார். பக்கத்து ஆட்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தள்ளினார்கள். மிஷின் முனகியது. நகரவில்லை.

"மூணுக்கா, மூணு முடிஞ்சா?" என்றான் நெட்டையன்.

"மூணுக்குடா."

"நீங்க முடிஞ்சுதானே நெம்புனீங்க?"

"நான் சொல்லிக்கிட்டே எப்படிடா நெம்பறது? வாய் ஒன்னுதான் இருக்கு."

மறுபடியும் எண்ணினார்கள். விரற்கடை விரற்கடையாகப் பாதிச் சரிவு வரை எப்படியோ ஏறியது. அப்பா இருந்தால் அந்த நேரத்துக்குள் மிஷினை உள்ளே வைத்துவிட்டு, அச்சகக்காரரிடம் 'எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை அடிச்சுக் குடுங்க, மறுபடியும் அவளையே கட்டிக்கலாம்னு இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்தார். "இனிமே விசில். விசிலுக்குத் தள்ளுங்க."

விசிலை ஊதினார். எல்லோரும் ஒன்றாகத்தான் தள்ளினார்கள். மிஷின் நன்றாக ஒரு முழம் ஏறியது. ஆனால் வடம் இறுகவில்லை. பீரங்கிச் சித்தப்பாவின் காதுக்கு விசில் எட்டாது. கீச்சென்ற சத்தம் எதுவுமே அவருக்குக் கேட்காது, கொசு கடித்தால்தான் கொசு இருப்பதே தெரியும் என்பார். ஏறிய மிஷின் அதே முழம் பின்னால் வந்து என் ஆப்பில் மோதியது. கம்பு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு மூலை திரும்பியது. உருளை ஒன்று தெறித்து நெட்டையனின் முழங்காலுக்குக் கீழே அடித்தது.

ஆப்பு நின்றது. மிஷின் சாக்கடைப் பக்கம் சாய்ந்தபடி பாதிச் சரிவில் நின்றது.

"நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!" என்று அச்சகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன். எறக்கிடுங்க. வேற ஆளக் கூட்டிட்டு வரேன். யாரு மேலயாவது விழுந்து தொலைக்கப் போகுது."

நெட்டையன் காலைப் பிடித்துக்கொண்டு சாக்கடை விளிம்பில் உட்கார்ந்தான். தோல் உரிந்து ரத்தம் வந்தது, எலும்பு தப்பியது. மாமா விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். "எறக்கிடலாம்க்கா. தோத்தா தோத்ததுதான்."

அம்மா சந்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஷூவைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தாள்.

"அவரு இருந்தப்ப இப்படித்தான் ஏத்துவீங்களா?"

ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"கேக்கறேன்ல? வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

"அது வந்து அண்ணி..." நெட்டையன் தலையைச் சொறிந்தான். "அண்ணன் ஒன்னு சொல்லுவாரு. நாங்க பதில் சொல்லுவோம்."

"அதச் சொல்றதுக்கு என்ன?"

"உங்க முன்னாடி சொல்ல முடியாது அண்ணி."

"கெட்ட வார்த்தையா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல. உங்களப் பத்தி."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "நேத்தே கொட்டகையில உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டோம்க்கா. நீ நிக்கற எடத்துல அது கூடாதுன்னு. புருஷன மண்ணுல வச்சுட்டு வந்து நிக்கறவள முன்னாடி வச்சுக்கிட்டு, கரண்டி கிரண்டின்னு கத்துனா நாங்க மனுஷங்களா?"

மரியாதை. இத்தனை பேரும் சேர்ந்து அம்மாவுக்கு மரியாதை கொடுக்கப் போய்த்தான் மிஷின் சாக்கடைப் பக்கம் சாய்ந்து நின்றது.

"ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "எண்ணெய்க் கடைக்காரனுக்கு இல்லாத மரியாதை உங்களுக்கு எதுக்கு? கூப்புடு. நீயே கூப்புடு."

மாமா தொண்டையைச் செருமினார். மிஷினைப் பார்த்துக்கொண்டு, சாவு வீட்டில் முகவரி கேட்கிற குரலில், "எந்திரிச்சிட்டா..." என்றார்.

ஒருத்தரும் 'ஓடு' சொல்லவில்லை. நெட்டையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. காலில் அடிபட்டபோதுகூட அவன் அழவில்லை.

அப்போது வடத்தைத் தூணில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, அச்சகத்தின் பக்க வாசல் வழியாகப் பீரங்கிச் சித்தப்பா வெளியே வந்தார். காது போனவர்களின் உரத்த குரலில் சந்து அதிரக் கேட்டார்.

"என்னங்கடா, ஒருத்தனும் கத்த மாட்டேங்கறீங்க? நான் உள்ள எத வச்சுடா கயித்த இழுக்கறது? ஜோசியம் பாத்தா?"

மாமா அவர் காதருகே போய், அக்கா இருக்கிறாள் என்று ஜாடை காட்டினார்.

"இருந்தா என்ன?" அவர் அம்மாவைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இவனுங்களுக்கு ஒன்னும் தெரியாது. இது இங்க உண்டாக்குன பாட்டு இல்ல. மலையில உண்டாக்குனது."

"மலையிலயா?"

"என்னது?"

"மலையிலயான்னு கேட்டேன்!" என்று அம்மா கத்தினாள்.

"மலையிலதான். பனி இடுப்பு வரைக்கும். அதிகாரி ஒன்னு ரெண்டு மூணுன்னுதான் எண்ணுவாரு. குளுருல எண்ணிக்கை எவன் மண்டையில ஏறும்? பயத்துல எல்லாரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிப்போம். மூச்சப் புடிச்சவன் கையில பலம் ஏது? ஒருநாள் பீரங்கி பின்னாடி சரியுது. கீழ ரெண்டு பேரு மாட்டிக்கிட்டானுங்க. அதுல ஒருத்தன் நான். அப்ப உங்க வீட்டுக்காரன் கத்துறான், எந்திரிச்சிட்டாடான்னு. யாருடா எந்திரிச்சதுன்னு எல்லாரும் பாக்கறானுங்க. என் பொண்டாட்டிடா, கரண்டி எடுத்துட்டா, மலைக்கு இந்தப் பக்கமா ஏறி வர்றா, ஓடுங்கடான்னான். சிரிப்பு வந்துருச்சு எல்லாருக்கும். சிரிச்சா மூச்சு வந்துதானே ஆகணும்? வண்டி மேல ஏறுச்சு. நான் இங்க நின்னு உங்ககூட பேசிக்கிட்டிருக்கேன்."

இத்தனை வருஷத்தில் அப்பா எங்களிடம் மலையைப் பற்றி நூறு வேடிக்கை சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதில்லை.

"அதுக்கப்புறம் அந்த மலையில ஏறுன ஒவ்வொரு பீரங்கிக்கும் நீங்கதான் அண்ணி. உங்களக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பயந்தவங்க நாங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப கல்யாணம் ஆகி ஒரு மாசங்கூட ஆகல" என்றாள். "நான் கரண்டியத் தொட்டதே இல்ல. எங்கம்மாதான் சமைச்சாங்க."

பீரங்கிச் சித்தப்பாவுக்கு அது கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்டது. துண்டுக்குள்ளிருந்து நெட்டையன் 'க்ளுக்' என்று ஒரு சத்தம் போட்டான்.

"என்னைக் கேக்காமலே என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. பீரங்கி வேற இழுக்க வச்சிருக்காரு." அம்மா ஷூ கயிற்றைக் குனிந்து பார்த்து, ஒன்றை அவிழ்த்து மறுபடியும் இறுக்கினாள். நிமிர்ந்தாள். "சரி. அவங்கவங்க எடத்துக்குப் போங்க. அந்தத் தெறிச்ச உருளைய எடுத்துப் போடு. மூலைய நேர் பண்ணுங்க. நெட்டையா, உன்னால நிக்க முடியுமா?"

"முடியும் அண்ணி."

"கூப்பிடறது யாரு, அக்கா?" என்றார் மாமா.

"யாரப் பத்துன பாட்டோ, அவதான்."

அச்சகக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

மூலையை நேராக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நெம்பி, கட்டை கொடுத்து, உருளையை மறுபடியும் அடியில் விட்டார்கள். சித்தப்பா உள்ளே போய் வடத்தைப் பிடித்தார். அம்மா மிஷினுக்கு நேர் பின்னால் போய் நின்றாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"அங்க நிக்காதம்மா. சரிஞ்சா நசுங்கிருவ. இங்க என் பக்கத்துல நில்லு."

"நின்னாத்தான் தொரத்தற மாதிரி இருக்கும்."

"பக்கத்துல நின்னு தொரத்து."

வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். "எந்திரிச்சிட்டேன்டா" என்றாள். குரல் எழும்பவில்லை. கூச்சம். வயதான ஒரு பொம்பளை சந்தில் நின்று கத்துவதென்றால் சும்மாவா? மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஆட்கள் கடப்பாரையைப் பிடித்தபடி விழித்தார்கள்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். சாப்பாடு ஆறும்வரை கூப்பிட்டும் யாரும் வராவிட்டால் வரும் கோபம். வீடே ஒடுங்கும் கோபம்.

"எந்திரிச்சிட்டேன்டா!"

அந்தக் குரலுக்குச் சின்ன வயதிலிருந்து பயந்தவர் மாமா. அவர் உடம்பு யோசிக்கவே இல்லை.

"ஓடு!"

மற்றவர்களும் ஓடினார்கள். மிஷின் ஏறியது. உள்ளே வடம் 'கிர்ர்' என்று இறுகியது. நான் ஆப்பைச் செருகினேன்.

"கரண்டி எடுத்துட்டேன்டா!"

"ஓடு!"

ஆப்பு.

"கதவத் தொறந்துட்டேன்டா!"

"ஓடு!"

நெட்டையன் நொண்டிக் காலை ஊன்றிச் சிரித்துக்கொண்டே நெம்பினான். சிரித்ததால் மூச்சு வந்தது, மூச்சு வந்ததால் கடப்பாரை வளைந்தது. மிஷினின் மூக்கு வாசற்படியைத் தொட்டது. அதுதான் கஷ்டமான இடம். சரிவும் தரையும் சேரும் விளிம்பில் முழுக் கனமும் ஒரே உருளையில் நிற்கும். மரக்கட்டை ஒன்று 'படக்' என்று விரிந்தது.

"பின்னாடியே வர்றேன்டா!"

"ஓடு!"

ஏறவில்லை. விளிம்பில் மோதி நின்றது. பாட்டில் இருந்ததே அந்த நாலு வரிதான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால் வேகம் விட்டுப் போகும். மாமா கழுத்து நரம்பு புடைக்க அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா ஒரு நொடி காலைக் குனிந்து பார்த்தாள்.

"ஷூ போட்டுட்டு வர்றேன்டா!"

இது யாரும் கேட்டிராத வரி. இருந்தும் எல்லோருக்கும் புரிந்தது.

"ஓடு!"

சந்துச் சுவர்கள் அதிர்ந்தன. மிஷின் விளிம்பைத் தாண்டி, தொப்பென்று முன்னால் சாய்ந்து, சமதளத்தில் உருண்டது.

"கயிறு கட்டிட்டேன்டா!"

"ஓடு!"

"இனிமே விடமாட்டேன்டா!"

"ஓடு!"

"போதும்! போதும்! சுவரு! சுவரு!" என்று அச்சகக்காரர் உள்ளே குதித்தார். எங்களுக்குக் கேட்டது, நின்றோம். பீரங்கிச் சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு வடத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மிஷின் உருளையில் வழுக்கிக்கொண்டு போய், சுவருக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. சுண்ணாம்பில் எழுதி வைத்த குறியைத் தாண்டி இரண்டு முழம் போயிருந்தது.

"பின்னாடி இழுக்கணுமே" என்றார் அச்சகக்காரர் அழாத குறையாக.

"இழுத்தாப் போச்சு" என்றாள் அம்மா. "இப்ப அவங்க தண்ணி குடிக்கட்டும்."

ஆட்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நெட்டையன் காலில் நான் துணி சுற்றினேன். அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. "கயிறு கட்டிட்டேன்டா" என்று அவனுக்கு அவனே சொல்லிப் பார்த்துக்கொண்டான். மாமா ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"கிடங்கு வேலைக்கு எப்பலேர்ந்து போறே?" என்று அம்மா கேட்டாள்.

"எந்தக் கிடங்கு?" என்றார் மாமா. தலையைத் துவட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்துச் சொன்னார்: "அடுத்த மாசம் சலவைக்கூடத்துக்கு ஒரு கொதிகலன் எறக்கணும்க்கா. மச்சான் ஒத்துக்கிட்டதுதான். படிக்கட்டு வழியா கீழ. ஏத்தறதவிட எறக்கறது கஷ்டம். எறக்கறதுக்கு மச்சான் வேற பாட்டு வச்சிருந்தாரு."

"அதுலயும் நான்தானா?"

மாமா காது மடலைத் தடவினார்.

"சரி, நீ சொல்லிக் குடு."

அம்மா படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். குதிகால் இரண்டும் உரிந்து சிவந்திருந்தன. வலது ஷூவிலிருந்து அவள் அடைத்த பழந்துணியை உருவினாள். இடது ஷூவிலிருந்தும் உருவினாள். அதற்கும் உள்ளே, நுனியில், வியர்வையில் இறுகிக் கல்லாகிப்போன சின்ன உருண்டை ஒன்று இருந்தது. லீவில் போன இரண்டு பேரின் இடம். விரலால் தொட்டுப் பார்த்தாள். அதை எடுக்கவில்லை.

இரண்டு ஷூவையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி என்னிடம் நீட்டினாள்.

"வண்டியில வை. சாயங்காலம் கடைக்குப் போய் என் அளவுக்கு ஒன்னு வாங்கிட்டு வா. எனக்குப் பத்து விரலும் இருக்குன்னு சொல்லி வாங்கு."

வெறுங்காலோடு எழுந்து மிஷினைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்னடா உக்காந்துட்டீங்க? இன்னும் ரெண்டு முழம் பின்னாடி வரணும். எந்திரிங்க."